காரை இரண்டாக அறுத்த என்ஜினீயர்

தேனியில் இருந்து கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகும் சாலை, சவாரிக்கென்றே அமைந்த சாலை. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நெல் வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சிகள். மேற்கே மலை நம் கூடவே வரும்.

அந்தச் சாலையில், ஞாயிற்றுக்கிழமை காலையில், மேல்கூரையை மடக்கி விட்டு ஒரு சின்னஞ்சிறு காரில் போனால் எப்படி இருக்கும்? காற்று முகத்தில் அடிக்கும். மலை முகட்டைப் பார்க்க ஜன்னல் வழியே குனிய வேண்டாம். பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு வருவார்கள்.

இப்படிப்பட்ட விடுமுறைச் சவாரிக்காகப் பழைய திறந்த கார்களைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் ஆசையோடு தேடும் கார்களில் ஒன்று, மோரிஸ் மைனர். இரண்டாம் உலகப்போர் முடிந்து 3 ஆண்டுகளுக்குப் பிறகு, 1948-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த கார் அது. உருண்டை உடம்பு, சிறிய சக்கரங்கள், மடக்கிப் போடும் துணிக்கூரை.

அந்தக் காரின் முன்பக்க மூடியை உற்றுப் பாருங்கள். நடுவில் நீளவாட்டில் ஒரு பட்டை ஓடும். பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்று நினைப்பார்கள். அலங்காரம் அல்ல. அது ஒரு தழும்பு! செய்து முடித்த காரை ஒரு மனிதர் இரண்டாக அறுத்த தழும்பு.

யார் அந்த மனிதர்? ஏன் அறுத்தார்?

அவர் பெயர் அலெக் இசிகோனிஸ்.

திராட்சை ஊரில் பிறந்தவர்

கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சைக்குப் பெயர் பெற்றது. 2023-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதேபோல, உலர்ந்த திராட்சைக்கும் அத்திப்பழத்துக்கும் பெயர் பெற்ற ஊர் ஒன்று மேற்கு ஆசியாவில் உண்டு. ஸ்மிர்னா என்பது அதன் பழைய பெயர். இப்போது துருக்கி நாட்டில் இஸ்மிர் என்று அழைக்கிறார்கள். கடற்கரைத் துறைமுகம்.

அந்த ஊரில் 1906-ம் ஆண்டு நவம்பர் 18-ந்தேதி அலெக் பிறந்தார். தந்தை கிரேக்க வம்சத்தவர். ஆனால் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். கப்பல் என்ஜின்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். தாய் ஹுல்டா, ஜெர்மானிய வம்சத்தவர். அலெக் ஒரே பிள்ளை.

பட்டறையின் சம்மட்டி ஓசைதான் சிறுவனுக்குத் தாலாட்டு. இரும்பு, எண்ணெய், சக்கரம் இவற்றுக்கு இடையே அவர் வளர்ந்தார்.

கப்பல் ஏறிய குடும்பம்

1914-ம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. துருக்கி, பிரிட்டனுக்கு எதிர்ப் பக்கம் சேர்ந்தது. பிரிட்டிஷ் குடிகளான அலெக் குடும்பத்துக்கு சோதனைக் காலம் தொடங்கியது. பட்டறை கைவிட்டுப் போனது.

போர் முடிந்தும் அமைதி வரவில்லை. ஸ்மிர்னா நகரம் யாருக்கு என்று கிரேக்கரும் துருக்கியரும் மோதினார்கள். 1922-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் துருக்கியப் படை நகருக்குள் நுழைந்தது. அந்த மாதமே நகரின் பெரும்பகுதி தீக்கு இரையானது.

பிரிட்டிஷ் குடிகளை மால்டா தீவுக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அலெக் குடும்பமும் கப்பல் ஏறியது. வீடு, வாசல், தொழில் எல்லாம் பின்னால் நின்றுவிட்டன.

துயரம் அத்துடன் முடியவில்லை. நோயுற்றிருந்த தந்தை விரைவில் இறந்து போனார். மறு ஆண்டு, விதவைத் தாயும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அப்போது அலெக்கின் வயது 16.

கணக்கில் 3 தடவை தோல்வி

மகன் என்ஜினீயர் ஆக வேண்டும் என்று விரும்பினான். தாய் அவனை லண்டனில் உள்ள பாட்டர்ஸீ தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்த்தார்.

படம் வரைவதில் அலெக்கை மிஞ்ச ஆளில்லை. காகிதமும் பென்சிலும் கிடைத்தால் போதும். இயந்திரத்தின் உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் கையாலேயே வரைந்து காட்டுவார். ஆனால் கணக்கு அவருக்கு எமன். பரீட்சையில் ஒரு தடவை அல்ல, 3 தடவை தோற்றார்!

மூன்று தடவை தோற்ற மகனைத் தாய் கைவிடவில்லை. அவருக்கு ஒரு சிங்கர் கார் வாங்கிக் கொடுத்தார். அலெக் தாயை அதில் உட்கார வைத்து ஐரோப்பாவைச் சுற்றினார். கார் வழியில் பல தடவை மக்கர் செய்தது. ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பழுது பார்த்தார். புத்தகம் கற்றுத் தராத பாடத்தை அந்தப் பயணம் கற்றுத் தந்தது.

பிறகு ஒரு சிறிய என்ஜினீயரிங் அலுவலகத்தில் வேலை. அடுத்து, ஹம்பர் கார் கம்பெனியில் வரைபட வேலை. 1936-ம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரை அடுத்த கவுலியில் இருந்த மோரிஸ் மோட்டார் கம்பெனியில் சேர்ந்தார்.

ஓய்வு நேரத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஜார்ஜ் டவுசன் என்ற நண்பருடன் சேர்ந்து ஒரு சின்னப் பந்தயக் கார் செய்தார். பெரிய இயந்திரங்கள் கிடையாது. எல்லாம் கைவேலை. ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1938-ம் ஆண்டில் முடித்தார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அதிர்ச்சியைத் தாங்க, இரும்பு வில்லுக்குப் பதிலாக ரப்பரைப் பயன்படுத்தினார்கள். இந்த ரப்பர் யோசனையை நினைவில் வையுங்கள். 20 ஆண்டுகளுக்குப் பிறகு அது மறுபடியும் வரும்.

கொசு என்று ஒரு கார்

இரண்டாம் உலகப்போர் வந்தது. கார் தொழிற்சாலைகள் போர்த் தளவாடங்கள் செய்தன. ஆனால் மோரிஸ் கம்பெனியின் உதவித் தலைவர் மைல்ஸ் தாமஸ் தூரதிருஷ்டி உள்ளவர். போர் ஒருநாள் முடியும், அப்போது சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய புதிய கார் வேண்டும் என்று நினைத்தார். அந்த வேலையை இசிகோனிசிடம் ஒப்படைத்தார்.

ரகசியப் பெயர் மாஸ்கிட்டோ. அதாவது, கொசு! இசிகோனிசுக்குத் துணையாக ஜாக் டேனியல்ஸ், ரெக் ஜாப் என்ற இரண்டு பேர். இசிகோனிஸ் கையால் வரைந்து தள்ளுவார். அதை அளவுப்படமாக மாற்றுவது மற்ற இருவரின் வேலை.

அந்தக் காலத்தில் சிறிய கார் என்றால் மட்டமான கார் என்று பொருள். பணக்காரரின் காரைச் சுருக்கி, வசதிகளைக் குறைத்து, ஏழைக்கு விற்பார்கள். இசிகோனிஸ் இதை ஏற்கவில்லை. சிறிய காரில் போகிறவனும் மனிதன்தான். அவன் உயிரும் உயிர்தான். அவன் குடும்பத்துக்கும் இடம் வேண்டும். விலை குறையலாம், தரம் குறையக் கூடாது. இதுதான் அவருடைய கொள்கை.

அதனால் புதிய காருக்கு உயர்ந்த அமைப்புகளைக் கொடுத்தார். முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் மற்றது சாலையை விடாது. முறுக்கினால் திரும்பவும் நிமிரும் இரும்புத் தண்டுகள் அதிர்ச்சியைத் தாங்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால், பற்சக்கரம் ஒரு பல்தண்டை நேராக நகர்த்தி, சக்கரங்களை உடனே திருப்பும். என்ஜினை முன்னே தள்ளி வைத்ததால், உள்ளே கால் நீட்ட இடம் கிடைத்தது.

அந்த இரவில் நடந்தது என்ன?

1947-ம் ஆண்டின் பிற்பகுதி. கார் ஏறக்குறைய தயார். உற்பத்திக்கான அச்சுகள் பலவும் தயார். பம்பர்கள் செய்து அடுக்கி வைக்கப்பட்டு விட்டன.

இசிகோனிஸ் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏதோ குறை. என்ன குறை? கார் ஒடுங்கி நின்றது. உயரத்துக்கு ஏற்ற அகலம் இல்லை.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? இவ்வளவு தூரம் வந்து விட்டோம், இனி எதற்கு வம்பு என்று இருந்திருப்பார். இசிகோனிஸ் அப்படி இருக்கவில்லை. காரை நீளவாட்டில் நடுவே அறுக்கச் சொன்னார்!

தொழிலாளர்கள் அறுத்தார்கள். கார் இரண்டு பாதிகளாகப் பிரிந்தது. பாதிகளை மெல்ல மெல்ல விலக்கச் சொன்னார். தள்ளி நின்று பார்த்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விலக்கினார்கள். 4 அங்குலம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். அதுதான் சரியான அகலம்!

கணக்குப் பரீட்சையில் 3 தடவை தோற்றவர், கண்ணால் அளந்து கண்ட அளவு அது. அழகு மட்டும் கூடவில்லை. உள்ளே தோள் உரசாமல் உட்கார இடம் கிடைத்தது. சக்கரங்கள் அகன்று நின்றதால், வளைவில் கார் உறுதியாகத் திரும்பியது.

ஏற்கனவே செய்து வைத்த பம்பர்களை என்ன செய்வது? அவற்றையும் நடுவே வெட்டி, 4 அங்குலத் துண்டு வைத்துச் சேர்த்தார்கள். ஆரம்பகால மைனர் கார்களின் பம்பரில் அந்த ஒட்டைக் காணலாம். முன்மூடியின் நடுப்பட்டை கடைசி வரை நிலைத்து விட்டது.

பிரபுவின் ஏளனம்

கம்பெனியின் அதிபர் நஃபீல்டு பிரபு. சைக்கிள் ரிப்பேர் கடையில் தொடங்கி, கார் சாம்ராஜ்யத்தை எழுப்பிய உழைப்பாளி. அவருக்கு இந்தக் கார் துளியும் பிடிக்கவில்லை. கொதிநீரில் உடைத்து ஊற்றிய முட்டையைப் போல இருக்கிறது என்று ஏளனம் செய்தார். பழைய மாதிரியே போதும் என்பது அவர் எண்ணம். காருக்கு ஆதரவாக நின்ற மைல்ஸ் தாமஸ், 1947-ம் ஆண்டில் பதவியை விட்டு விலகிப் போனார்.

காருக்கென்று திட்டமிட்ட புதிய என்ஜினும் கைவிடப்பட்டது. பழைய மோரிஸ் கார் ஒன்றின் 918 சி.சி. என்ஜினைப் பொருத்தினார்கள். கொசு என்ற பெயரும் போய், மைனர் என்ற பெயர் வந்தது.

1948-ம் ஆண்டு அக்டோபர் 27-ந்தேதி, லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வெளியிடப்பட்டது. மூடிய கார் ஒன்று, திறந்த கார் ஒன்று என இரண்டு வடிவங்கள்.

அதே கண்காட்சியில் இன்னொரு திறந்த காரும் வந்திருந்தது. ஜாகுவார் கம்பெனியின் எக்ஸ்.கே.120. மணிக்கு 120 மைல் வேகம். இரண்டே பேர் போகலாம். சீமான்களின் கார். மைனரின் வேகம் அதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் தாய், தந்தை, பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே அதில் போகலாம். திறந்த காரில் காற்று வாங்குவது சீமான்களுக்கு மட்டும் உரியதல்ல என்று அது காட்டியது.

மைனரின் விற்பனை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 1960-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 10 லட்சமாவது கார் வெளிவந்தது. பிரிட்டனில் எந்தக் காரும் அதுவரை அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அதைக் கொண்டாட, இளம் ஊதா நிறத்தில் தனியாக 350 கார்கள் செய்தார்கள். ஒருகாலத்தில் ஏளனம் செய்த நஃபீல்டு பிரபு, அந்த விழாவின்போது தமக்கு நன்றி சொன்னதாக இசிகோனிஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

நம் ஊர் டாக்சியிலும் அவர் கைவண்ணம்

இசிகோனிசின் கைவண்ணம் நம் நாட்டுக்கும் வந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1942-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அதன் தொழிற்சாலை. மோரிஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்து, மைனரை பேபி இந்துஸ்தான் என்ற பெயரில் அது விற்றது. மைனருக்கு அண்ணனான மோரிஸ் ஆக்ஸ்போர்டு, இந்துஸ்தான் 14 ஆனது.

ஆக்ஸ்போர்டு குடும்பத்தில் பின்னால் வந்ததுதான் அம்பாசிடர். அந்த அம்பாசிடரிலும் மைனரில் இருந்த அதே முறுக்குத் தண்டு, அதே பல்தண்டு ஸ்டீயரிங். 2014-ம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நிற்கும் வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் அது இந்தியச் சாலைகளை ஆண்டது. கல்யாண வீட்டார், ஏலக்காய் வியாபாரிகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள் என்று எத்தனை பேரை அது சுமந்திருக்கும்! போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அம்பாசிடர் டாக்சியில் அவற்றை ஏறியவர்களுக்கு இசிகோனிஸ் பெயர் தெரிந்திருக்காது. அவர் யோசனை அவர்களை ஏற்றிச் சென்றது.

மினி பிறந்தது

1952-ம் ஆண்டில் மோரிசும் ஆஸ்டினும் ஒரே கம்பெனியாக இணைந்தன. இசிகோனிஸ் வெளியேறி, ஆல்விஸ் கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் உருவாக்கிய பெரிய கார், செலவு மிகுதியால் வெளிவரவே இல்லை. 1955-ம் ஆண்டின் இறுதியில் திரும்பி வந்தார்.

1956-ம் ஆண்டில் சூயஸ் கால்வாய் நெருக்கடி. பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் குட்டிக் கார் வேண்டும் என்று கம்பெனித் தலைவர் லியனார்ட் லார்டு உத்தரவிட்டார்.

இசிகோனிஸ் என்ன செய்தார் தெரியுமா? வழக்கமாக நீளவாட்டில் வைக்கும் என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர் பெட்டியை அதற்கு அடியில் வைத்தார். முன்சக்கரங்களே காரை இழுத்துச் சென்றன. வண்டியின் நீளம் 10 அடிதான். ஆனால் 4 பேர் உட்காரலாம். அதிர்ச்சி தாங்க ரப்பர். ஆம், நண்பரோடு கையால் செய்த பந்தயக் காரின் அதே யோசனை!

லார்டு மாதிரிக் காரில் ஏறித் தொழிற்சாலையை 5 நிமிடம் சுற்றினார். இறங்கியதும் உற்பத்திக்கு உத்தரவு கொடுத்தார். 1959-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி வெளிவந்த அந்தக் கார்தான் மினி. விலை 500 பவுண்டுக்குள். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில், பெரிய கார்களைத் தோற்கடித்து மான்டே கார்லோ பந்தயத்தில் மினி வென்றது. 2000-ம் ஆண்டு வரை 53 லட்சம் மினிகள் உற்பத்தியாயின. இன்று உலகில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் என்ஜின் குறுக்கேதான் இருக்கிறது.

கணக்கு பழி வாங்கியது

பெயர் வந்தது. புகழ் வந்தது. 1969-ம் ஆண்டில் சர் பட்டமும் வந்தது. ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் வெறுத்த கணக்கு, கடைசியில் பழி வாங்கியது.

மினியின் விலை மிகக் குறைவு. போட்டியாளரான ஃபோர்டு கம்பெனியார் ஒரு மினியை வாங்கி, திருகு திருகாகப் பிரித்துச் செலவைக் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு மினியிலும் 30 பவுண்டு நஷ்டம் என்று முடிவு கட்டினார்கள். தயாரித்த கம்பெனி அதை ஏற்கவில்லை. ஆனாலும் லாபம் மெலிந்தே இருந்தது.

இசிகோனிஸ் பிறர் சொல் கேளாதவர். காருக்குள் ரேடியோ அவருக்குப் பிடிக்காது. மெத்தென்ற ஆசனமும் பிடிக்காது. ஓட்டுகிறவன் சொகுசாக இருந்தால் கவனம் சிதறும் என்பார். எந்தப் பிடிவாதம் மைனரை 4 அங்குலம் அகலப்படுத்தியதோ, அதே பிடிவாதம் வாங்குவோரின் விருப்பத்தைக் கேட்க மறுத்தது.

1968-ம் ஆண்டில் கம்பெனி மறுபடியும் கைமாறியது. புதிய நிர்வாகம் அவரை ஓரம் கட்டியது. 1971-ம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஆலோசகராக மட்டும் நீடித்தார்.

அவர் திருமணம் செய்து கொள்ளவில்லை. மால்டா கப்பலில் உடன் வந்த தாய், கடைசி வரை அவருடனேயே வாழ்ந்தார். 1972-ம் ஆண்டில் தாய் மறைந்தார். 1988-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி, பர்மிங்ஹாம் நகரில் இசிகோனிசும் கண்ணை மூடினார். வயது 81.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க

திறந்த மைனர் 1969-ம் ஆண்டு வரை உற்பத்தியானது. இப்போதும் விற்பனைக்கு வருகிறது. ஆசைப்படுகிறவர்கள் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

மேல்கூரை இல்லாத காருக்கு அடித்தளம்தான் உயிர். கதவுக்குக் கீழ் உள்ள இரும்புப் பகுதியும் தரையும் துரு ஏறாமல் இருக்க வேண்டும். மூடிய காரின் கூரையை வெட்டி எடுத்து, திறந்த கார் என்று விற்பதும் உண்டு. திறந்த காருக்குத் தொழிற்சாலையிலேயே தரையிலும் கதவுத் தூணிலும் கூடுதல் பலம் கொடுத்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் வண்டி நடுவே தொய்ந்து போகும். கதவைத் திறந்து மூடிப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்து விடும். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டுக்குத் தவறாமல் கிரீஸ் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் தேய்ந்து, ஓட்டத்திலேயே சக்கரம் சாய்ந்து விடும்.

சட்டமும் உண்டு. 50 ஆண்டுகளுக்கு மேலான, வடிவம் மாற்றாத வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ம் ஆண்டில் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் சாலையில் எடுக்கலாம். வாடகைக்கோ, வழக்கமான ஓட்டத்துக்கோ எடுக்கக் கூடாது. ஆகவே, வண்டி எந்தப் பதிவில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்து கொண்டு பணத்தைக் கொடுப்பது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தால், கடைசியாக ஒன்று செய்யுங்கள். முன்மூடியின் நடுவே ஓடும் அந்தப் பட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கணக்கில் 3 தடவை தோற்ற ஒரு பையன், வீடிழந்து வந்த ஒரு பையன், சரியில்லாத வேலையைச் சரியில்லை என்று ஒப்புக்கொண்டு அறுத்த இடம் அது என்று சொல்லுங்கள். சாதாரணக் குடும்பத்துக்கும் நல்ல பொருள் வேண்டும் என்பதற்காக அவர் சேர்த்த 4 அங்குலம் அது.